உங்கள் ஃபீட் யார் கையில்?

தமிழில் பாட்காஸ்ட் செய்யும் நண்பர்களுக்கு,

உங்களில் முக்கால்வாசிப் பேரை எனக்குக் குரலாகத்தான் தெரியும். கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுபவர், மியூச்சுவல் ஃபண்டைப் பொறுமையாக விளக்குபவர், பழைய நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக வாசிப்பவர், வெள்ளிக்கிழமை வந்த படத்தை ஞாயிறுக்குள் கிழித்துத் தோரணம் கட்டும் இரண்டு நண்பர்கள். முகம் தெரியாவிட்டால் என்ன, உங்கள் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக உங்களில் சிலர் எபிசோடை முடிக்கும்போது, "இனி எங்களை இந்த ஆப்பில் மட்டும் கேட்கலாம்" என்று உற்சாகமாக அறிவிக்கிறீர்கள். வேறு சிலர் அறிவிக்காமலே அந்த நிலைக்குப் போய்விட்டீர்கள். நாங்கள் வழக்கமாகக் கேட்கும் ஆப்பில் உங்கள் பெயருக்குக் கீழே புது எபிசோடு வருவது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். முதல் வகையினராவது தெரிந்து செய்கிறார்கள். எனக்குக் கவலை இரண்டாம் வகையினரைப் பற்றி. ஆனாலும் முதல் வகையின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அங்கே வர வேண்டும்.

அதற்கும் முன்னால், நீங்கள் அன்றாடம் தொட்டுக்கொண்டே இருந்தும் ஒருவேளை கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் பாட்காஸ்டின் ஃபீட் முகவரியை பிரவுசரில் போட்டுத் திறங்கள். அலங்காரம் எதுவும் இருக்காது, நீளமான ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு எபிசோடுக்கும் தலைப்பு, தேதி, நீங்கள் எழுதிய நாலு வரி விவரம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: எம்பி3 கோப்பு இருக்கும் முகவரி, அது எத்தனை பைட், என்ன வகைக் கோப்பு. பாட்காஸ்ட் என்பதன் மொத்தத் தொழில்நுட்பமும் அந்த ஒரு வரிதான். 2000 டிசம்பரில் டேவ் வைனர், ஃபீடுக்கான தன் ஆர்எஸ்எஸ் வடிவத்தில் அதற்கு இடம் கொடுத்தார். அதைக் கேட்டு அவரிடம் போனவர் எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி. இருவரும் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அந்த வரியைப் படிக்கத் தெரிந்த எந்த ஆப்பும் உங்கள் எபிசோடை இறக்கிக்கொள்ளும். நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஆப் எழுதியவரும் கேட்க வேண்டாம், நானும் கேட்க வேண்டாம்.

2005 ஜூனில் ஐட்யூன்ஸுக்குள் பாட்காஸ்டைக் கொண்டுவந்த ஆப்பிள், நினைத்திருந்தால் அப்போதே கதவைச் சாத்தியிருக்கலாம். அதன் குறி ஐபாட் விற்பனை என்பதாலோ என்னவோ, முகவரிகளைத் தொகுத்து வைப்பதோடு நிறுத்திக்கொண்டது. கோப்புகள் அவரவர் சர்வரிலேயே இருந்தன. இன்றைக்கும் பல தனி ஆப்கள் தேடலுக்கு அந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்துகின்றன. பெரிய கம்பெனிகளைப் புகழ எனக்கு ஆசை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அது செய்யாமல் விட்டதற்கு நன்றி சொல்லலாம்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 2014-ல் அலெக்ஸ் ப்ளூம்பெர்க்கும் மேட் லீபரும் கிம்லெட் என்ற பாட்காஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொடங்கும் கதையையே 'ஸ்டார்ட்அப்' என்ற நிகழ்ச்சியாகவும் செய்தார்கள். முதலீட்டாளரிடம் தட்டுத் தடுமாறிப் பேசியது உட்பட எல்லாம் அதில் உண்டு. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை அந்த நிறுவனத்தை வாங்கியது. அதோடு ஆங்கர் என்ற இலவச ஹோஸ்டிங் தளத்தையும் வாங்கியது. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தது ஏறத்தாழ 34 கோடி டாலர். பிறகு பார்காஸ்ட், தி ரிங்கர், மெகாஃபோன் என்று வரிசையாக வாங்கிக் குவித்தது. 2020 மே மாதம் ஜோ ரோகனோடு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் நிகழ்ச்சி ஸ்பாட்டிஃபைக்கு வெளியே எங்கும் முழுமையாகக் கிடைக்காது என்றானது. அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 20 கோடி டாலர் என்று பின்னால் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

ரோகனுக்கு நஷ்டமில்லை. அவர் என்ன பேசினாலும் கேட்க ஒரு கூட்டம் பின்னாலேயே போகும். அடிபட்டது கிம்லெட்டின் நடுத்தர நிகழ்ச்சிகள். அறிவியல், பருவநிலை, குற்றவியல் என்று நிதானமாக ஆராய்ந்து செய்யப்பட்டவை. அவற்றில் சில ஃபீடிலிருந்து எடுக்கப்பட்டு ஸ்பாட்டிஃபைக்குள் மட்டும் வைக்கப்பட்டன. 2022 அக்டோபரில் கிம்லெட், பார்காஸ்ட் நிகழ்ச்சிகள் 11-ஐ ஸ்பாட்டிஃபை நிறுத்தியபோது, அப்படித் தன்னிடம் மட்டும் பூட்டிவைத்த முடிவால் சில நிகழ்ச்சிகள் நேயர்களில் முக்கால் பங்குவரை இழந்தன என்று ஊழியர் சங்கம் வெளிப்படையாகச் சொன்னது. கூட்டத்தைக் குறைத்துவிட்டு, கூட்டம் இல்லை என்று கடையைச் சாத்தினார்கள் என்பதுதான் அவர்கள் குற்றச்சாட்டு. 2023 ஜூனில் கிம்லெட்டும் பார்காஸ்டும் ஸ்பாட்டிஃபை ஸ்டுடியோஸ் என்ற ஒரே பிரிவாக இணைக்கப்பட்டன. 200 பேர்வரை வேலை இழந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜோனதன் கோல்ட்ஸ்டீனின் 'ஹெவிவெயிட்' நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டது. அது பிறகு வேறு நிறுவனத்தில் மறுவாழ்வு பெற்றது, நல்ல வேளை.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படும் பகுதி 2024 பிப்ரவரியில் வருகிறது. ரோகனோடு புது ஒப்பந்தம் போட்டபோது 'எங்களிடம் மட்டும்' என்ற நிபந்தனையை ஸ்பாட்டிஃபையே கைவிட்டது. அவர் நிகழ்ச்சி மறுபடியும் ஆப்பிளுக்கும் யூடியூபுக்கும் திரும்பியது. எங்கும் கிடைத்தால்தான் விளம்பரத்தில் காசு என்று கணக்குப் பார்த்து அறிந்துகொண்டார்கள். உலகத்திலேயே அதிகப் பணத்தைக் கொட்டிப் பூட்டிப் பார்த்தவர்களே சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, இங்கே நாம் புதிதாகப் பூட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

லூமினரி என்று ஒன்று இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரலில் சுமார் 10 கோடி டாலர் முதலீட்டோடு, 'பாட்காஸ்டுக்கு நெட்ஃபிளிக்ஸ்' என்ற தோரணையில் வந்தது. மாதம் 7.99 டாலர் சந்தா. வந்த வாரமே பல பாட்காஸ்ட்காரர்கள் தங்கள் நிகழ்ச்சியை அதிலிருந்து எடுக்கச் சொல்லிச் சண்டைக்கு நின்றார்கள். மறு ஆண்டே சந்தாவைக் குறைத்தது. இன்று அதன் பெயரைச் சொன்னால் பாட்காஸ்ட் கேட்பவர்களிலேயே பலருக்கு நினைவு வராது.

"இதெல்லாம் கோடிகளில் புரளும் கதை, எங்களுக்கு யார் அப்படிக் கொட்டிக் கொடுக்கப் போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தமிழில் பாட்காஸ்ட் செய்பவரிடம் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் கொடுப்பது எபிசோடுக்கு ஒரு தொகை, முகப்பில் கொஞ்ச நாளைக்கு ஒரு படம், அவ்வளவே. உங்களில் பலர் அதைக்கூட வாங்கவில்லை. பைசா வாங்காமலேயே பூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எப்படி என்கிறீர்களா? இலவசமாக ஹோஸ்ட் செய்யும் தளங்கள் இருக்கின்றன. போனிலேயே பேசி, போனிலேயே வெட்டி ஒட்டி, ஒரு பட்டனைத் தட்டினால் வெளியாகிவிடும். தமிழில் இத்தனை குரல்கள் கேட்பதற்கு அந்த வசதியும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் சிலவற்றில், நீங்களாக செட்டிங்ஸுக்குள் போய் ஆர்எஸ்எஸ்ஸை இயக்கிவிட்டால்தான் ஃபீடே பிறக்கும். இயக்காவிட்டால் உங்கள் நிகழ்ச்சி அந்த ஒரு ஆப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். "எல்லா இடத்திலும் இருக்கிறோம்" என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

வீடியோ இன்னொரு வாசல். 2025 ஜனவரியில் ஸ்பாட்டிஃபை தொடங்கிய கூட்டாளித் திட்டத்தில், வேறு இடத்தில் ஹோஸ்ட் செய்பவர் அங்கே வீடியோவையும் ஏற்றினால், ஃபீட் வழியாகப் போன ஆடியோவின் இடத்தில் அந்த வீடியோ வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது ஏற்பாடு. அங்கே எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வராது, அவர்கள் செருகும் விளம்பரமும் அங்கே ஓடாது. வீடியோ போடாதீர்கள் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பொடி எழுத்துவரை படியுங்கள் என்கிறேன்.

யூடியூபைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் நேயர்கள் அதிகம் இருக்கும் இடம் அதுதான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே போகாமல் இருக்க முடியாது. ஆனால் அங்கே மட்டும் இருப்பது வேறு விஷயம். தென்காசிப் பக்கம் என் பெரியம்மா பீடி சுற்றுபவர். மடியில் முறம், வலப்பக்கம் வெட்டிய இலை, விரல் நுனியெல்லாம் தூள். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். வேலைக்குக் கை வேண்டும், கண்ணும் பாதி வேண்டும், காது மட்டும் சும்மா இருக்கிறது. பாட்காஸ்டுக்கு இவரைவிடப் பொருத்தமான நேயர் கிடைப்பாரா? கட்டணம் கட்டாத யூடியூபில் திரை அணைந்தால் ஒலியும் அணைந்துவிடும். திரையை எரியவிட்டால் சார்ஜ் மதியத்துக்குத் தாங்காது. நடுவில் ஒரு விளம்பரம் புகுந்தால், அதைத் தள்ளிவிட அந்தத் தூள் விரலைத்தான் கொண்டுபோக வேண்டும். "எய்யா, இது பேச மாட்டேங்கு, என்னன்னு பாரு" என்று போனை நீட்டுவார்.

அவர் போனில் ஆன்டெனாபாடைப் போட்டுக் கொடுத்தேன். தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் இலவச ஆப், கணக்குத் தொடங்கச் சொல்லாது, விளம்பரம் காட்டாது. இரவில் வீட்டு வைஃபையில் மறுநாளைக்கு வேண்டியது இறங்கிவிடும். 40 நிமிடப் பேச்சு 64 கேபிபிஎஸ் மோனோவில் 19 எம்பிதான், பழைய போனுக்கும் பாரமில்லை. காலையில் ஒரு தட்டு, திரையை அணைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசிக்கொண்டே இருக்கும். வயதுக்கு வந்த நாளிலிருந்து இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர் அவர். அன்றைக்கு மர்பி பெட்டியில் வந்த அப்துல் ஹமீதின் குரல் பிலிப்ஸ் பெட்டியிலும் அப்படியே வந்தது. எந்தக் கம்பெனிப் பெட்டி என்று வானொலி நிலையம் கேட்டதில்லை. அந்த வழக்கத்தில் வந்தவரிடம் போய், இந்த நிகழ்ச்சிக்கு இந்த ஆப், அந்த நிகழ்ச்சிக்கு அந்த ஆப், இரண்டுக்கும் தனித்தனி ஓடிபி என்று எப்படிச் சொல்வது?

உங்களில் ஒருவர் நிகழ்ச்சி அவருக்கு உயிர். அந்த ஒன்றுக்கு ஃபீட் கிடையாது. பெயர் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர் படித்தால் புரிந்துகொள்வார்.

ஆப் என்பது வரும், போகும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2018-ல் வந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலும், ஜூனில் மற்ற நாடுகளிலும் போய்விட்டது. ஸ்டிச்சர் 2023 ஆகஸ்டில் மூடியது. நம் ஊரில் ரெஸ்ஸோவை 2024 ஜனவரியோடு நிறுத்தினார்கள், அதே ஆண்டு வின்க்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. பிபிசி சவுண்ட்ஸ் 2025 ஜூலையிலிருந்து பிரிட்டனுக்கு வெளியே இல்லை. ஆனால் கவனியுங்கள், கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடியபோது அதில் கேட்டவர்கள் தாங்கள் தொடர்ந்த நிகழ்ச்சிகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற ஒரு சிறு கோப்பாக எடுத்து வேறு ஆப்பில் போட்டுக்கொண்டார்கள். பாட்காஸ்ட் செய்தவர் ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. சவுண்ட்ஸ் ஆப் மூடினாலும் பிபிசியின் பாட்காஸ்டுகள் வெளிநாட்டில் மற்ற ஆப்களில் தொடர்ந்து கேட்கின்றன. ஃபீட் இருக்கிறவரை ஆப் மூடுவது நேயருக்கு ஒரு சாயங்கால வேலை. ஃபீட் இல்லாவிட்டால், அந்த ஆப் போகிற அன்றைக்கு உங்கள் நேயர் கூட்டமும் கூடவே போய்விடும். அவர்கள் யார், எங்கே என்று உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது.

பணம் பற்றிப் பேசாமல் இந்த மடலை எழுதினால் அது உபதேசம் ஆகிவிடும். மைக், ஹோஸ்டிங், எடிட்டிங்குக்கு ஆகும் ராத்திரி நேரம், இதற்கெல்லாம் யாராவது தர வேண்டும். திறந்த ஃபீடில் தமிழ் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதும் உண்மை. ஒரு நிறுவனம் நியாயமான தொகை கொடுத்து ஒரு தொடரைக் கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அப்போதும் இரண்டு விஷயங்களைப் பேரத்தில் வையுங்கள். ஒன்று, எக்ஸ்க்ளூசிவுக்குக் கெடு: மூன்று மாதமோ ஆறு மாதமோ அங்கே மட்டும் இருக்கட்டும், பிறகு உங்கள் ஃபீடுக்கு வர வேண்டும். மற்றது, பழைய எபிசோடுகள். புதிதாகச் செய்வதை விற்கலாம், ஏற்கெனவே ஊருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். ரோகன் போனபோது அவருடைய பழைய எபிசோடுகள் சில கூடவே போகவில்லை, பிறகு இன்னும் பல எடுக்கப்பட்டன.

காசு வாங்குவதற்குப் பூட்டு அவசியம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. பேட்ரியான் போன்ற தளங்களில் சந்தா கட்டுபவருக்கு ஆளுக்கொரு தனி ஃபீட் முகவரி கிடைக்கும். அதை அவர் தனக்குப் பிடித்த ஆப்பில் போட்டுக் கேட்பார். நிகழ்ச்சி இலவசமில்லை, ஆனாலும் எந்த ஆப்பில் கேட்பது என்பது நேயர் பாடு. உங்களிடம் மாதம் நூறு ரூபாய் கட்ட ஐம்பது பேர் இருந்தால், ஹோஸ்டிங் செலவு போக டீக்கும் மிஞ்சும். கோடீஸ்வரராக முடியாது, சரி. அந்த ஐம்பது பேரும் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தனி ஆப்களில் உங்களைத் தேடினால் கிடைப்பதில்லை என்ற புகாரும் வருகிறது. இதில் பாதிப் பழி உங்கள் மேல். ஆப்பிள் பட்டியலில் பதிவு செய்திருக்கிறீர்களா? ஆடம் கரியும் டேவ் ஜோன்ஸும் 2020-ல் தொடங்கிய பாட்காஸ்ட் இண்டெக்ஸில் உங்கள் ஃபீட் இருக்கிறதா? இரண்டிலும் சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அடுத்தது பெயர். நிகழ்ச்சிப் பெயரைத் தங்கிலீஷில் நான்கு விதமாக எழுதலாம், நேயர் ஐந்தாவது விதமாகத் தேடுவார். தலைப்பைத் தமிழ் எழுத்தில் வைத்து, விவரத்தில் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதிவிடுங்கள். கையோடு, பேச்சின் எழுத்து வடிவத்தை ஃபீடில் இணைக்கவும் இப்போது வழி இருக்கிறது. ஆன்டெனாபாட் அதைத் திரையில் காட்டும். காது கேளாதவர்களும் உங்கள் நேயர்களாவார்கள். தமிழில் இதை எத்தனை பேர் செய்கிறீர்கள் என்று தேடிப் பார்த்துச் சோர்ந்துவிட்டேன்.

இடம் மாறுவது பெரிய பாடு என்ற பயமும் உங்களிடம் இருப்பது தெரிகிறது. பாடுதான், ஆனால் ஒருநாள் பாடு. புது ஹோஸ்டுக்குப் போகும்போது பழைய ஃபீடிலிருந்து 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தைப் போடச் சொல்லுங்கள். ஆப்கள் அதைப் படித்துப் புது முகவரிக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும், நேயருக்கு எதுவும் தெரியாது. ஆகவே எந்தத் தளத்தில் சேர்வதற்கு முன்பும் கேட்க வேண்டிய கேள்வி, "நான் போகும்போது திசைமாற்றிக் கொடுப்பீர்களா, எத்தனை நாளைக்கு?" என்பதுதான். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தவர்கள் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி ஃபீட் முகவரியை அதில் வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அசல் கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, இன்னொரு பிரதியை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி வையுங்கள். எத்தனையோ பேச்சுகளைப் பதிவே செய்யாமல் காற்றில் விட்ட சமூகம் இது. பதிவு செய்தும் தொலைப்பதற்கு நமக்குச் சாக்கு இல்லை.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் நிகழ்ச்சி இருக்கும் தளத்தின் செட்டிங்ஸுக்குள் போய் ஆர்எஸ்எஸ் என்ற எழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அணைந்திருந்தால் இயக்குங்கள். அந்த முகவரியை அடுத்த எபிசோடின் விவரத்தில் ஒட்டுங்கள். வாட்ஸ்ஆப் குழுவிலும் போடுங்கள். பெரியம்மாவின் போனில் சேர்க்க வேண்டிய வேலை என்னுடையது. கல்வெட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது. உத்திரமேரூர் பற்றிய மூன்றாம் பகுதி வந்துவிட்டதாக யாரோ சொல்லிவிட்டார்கள், வீட்டில் தினமும் கேள்வி வருகிறது.

அன்புடன்,
உங்கள் நேயன்